குரோயிக் கோயிலும் கிளென்கால்வி மக்களும்



நிபோங் திபால் பக்கம் போய் வந்தவர்கள் கலிடோனியா தோட்டம் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். கலிடோனியா என்பது ஸ்காட்லாந்து நாட்டின் பழைய பெயர். நம் தாத்தா பாட்டி காலத்தில் தோட்டங்களுக்கு வந்த துரைமாரில் பலர் அந்த நாட்டுக்காரர்கள். துரைமாரின் நாடு என்றதும், அங்கே இருந்தவர்கள் எல்லாருமே பங்களாவில் வாழ்ந்தவர்கள் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். நாங்கள் பயிற்சிக் கல்லூரியில் சரித்திரம் படித்த காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தோம். பாடநூலில் ராஜாக்களும் சண்டைகளும் இருந்தன, குடியானவர்கள் இல்லை. பிற்பாடு, அந்த நாட்டின் வடபகுதியில் உள்ள ஒரு சின்னஞ்சிறு தேவாலயத்தைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. அதன் சன்னல் கண்ணாடியில் ஏழை மக்கள் கீறி வைத்துவிட்டுப் போன சில வரிகள் இன்றும் இருக்கின்றன. அந்தத் தேவாலயத்தின் கதையைத்தான் இன்று உங்களோடு பேசப் போகிறோம்.

ஸ்காட்லாந்தின் வடக்கிலும் மேற்கிலும் பரந்து கிடப்பது மலைநாடு. மரம் குறைவு, மழை அதிகம், குளிர் அதைவிட அதிகம். அங்கே வாழ்ந்தவர்களின் தாய்மொழி ஆங்கிலம் அன்று. கேலிக் என்ற வேறொரு பழைய மொழி. அந்த மலைநாட்டின் ராஸ் மாவட்டத்தில் ஸ்ட்ராத்காரன் என்று ஒரு பள்ளத்தாக்கு உண்டு. காரன் என்ற ஆறு அதன் வழியே ஓடிக் கடலை நோக்கிப் போகிறது. ஆற்றின் கீழ்ப்புறம் ஆர்ட்கே என்ற கிராமம். அங்கிருந்து ஏறக்குறைய பத்து மைல் உள்ளே போனால் குரோயிக் என்ற இடம் வரும். இந்த நிலம் முழுவதும் கின்கார்டின் என்ற ஒரே பாரிஷில் அடங்கியிருந்தது.

பாரிஷ் என்றால் என்ன? நம்மிடையே உள்ள கிறிஸ்தவ மக்கள் அதைப் பங்கு என்றும் சேகரம் என்றும் சொல்வார்கள். ஒரு தேவாலயம், ஒரு போதகர், அவருடைய பொறுப்பில் உள்ள சில ஊர்கள், இவை சேர்ந்தது ஒரு பாரிஷ். ஆனால் அக்காலத்து ஸ்காட்லாந்தில் அது வழிபாட்டுக்கு மட்டும் உரிய வட்டாரமாக இருக்கவில்லை. ஏழைகளுக்கு உதவிப் பணம் கொடுப்பது அதன் வேலை. குழந்தைகளுக்குப் பள்ளி வைப்பது அதன் வேலை. ஊரில் ஒருவர் தவறு செய்தால் கூப்பிட்டு விசாரிப்பதும் அதன் வேலையே. போதகரும் மூப்பர்களும் உட்கார்ந்து வழக்குக் கேட்பார்கள். குற்றம் செய்தவர் ஞாயிற்றுக்கிழமை சபை முன்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்து எல்லாரும் பார்க்கத் தலைகுனிய வேண்டும். நம் பஞ்சாயத்தை விடக் கடுமையான பஞ்சாயத்து அது!

தேவாலயத்தையும் போதகர் வீட்டையும் பழுது பார்க்கும் செலவு யாருடையது? அந்தப் பாரிஷில் நிலம் வைத்திருந்த நிலக்கிழார்களுடையது. பள்ளிச் செலவும் அப்படித்தான். ஒவ்வொரு பாரிஷிலும் ஒரு பள்ளி இருக்க வேண்டும், அதற்குக் கட்டடமும் ஆசிரியருக்குச் சம்பளமும் நிலக்கிழார்கள் தர வேண்டும் என்று 1696-ஆம் ஆண்டிலேயே அந்த நாட்டில் சட்டம் போட்டார்கள். தோட்டப் பள்ளி ஆசிரியர்களாகிய எங்களுக்கு இது மிகவும் பழகிய விஷயம் போல் தோன்றியது. நிலத்துக்குச் சொந்தக்காரர் கட்டித் தரும் பள்ளியின் நிறை என்ன, குறை என்ன என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அந்தச் சட்டத்தால் ஏழைக் குடியானவனின் பிள்ளைக்கும் நான்கு எழுத்து வாசிக்கத் தெரிந்தது. எல்லா மலைப் பள்ளத்தாக்குக்கும் பள்ளி எட்டவில்லை என்பதும் உண்மையே.

வழிபாடும் ஓர் அழகுதான். இசைக் கருவி கிடையாது. ஒருவர் எழுந்து சங்கீதத்தின் ஓரடியைப் பாடுவார். சபையார் எல்லாரும் அதை இழுத்துப் பாடுவார்கள். மறுபடி அவர் அடுத்த அடியைத் தொடங்குவார். நம் பஜனையில் ஒருவர் பாட மற்றவர்கள் வாங்கிப் பாடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். புத்தகம் இல்லாதவருக்கும் வாசிக்கத் தெரியாதவருக்கும் அந்த முறையில் இடம் இருந்தது.

இனி, குரோயிக்குக்கு எப்படித் தேவாலயம் வந்தது என்று பார்ப்போம். கின்கார்டின் பாரிஷ் மிகப் பெரியது. மேற்கே மலைக்குள் இருந்தவர்கள் பாரிஷ் கோயிலுக்கு வர வேண்டுமானால் ஆற்றையும் சேற்றையும் தாண்டிப் பல மைல் நடக்க வேண்டும். மலைநாட்டில் இப்படிப்பட்ட இடங்கள் ஏராளம். ஆகவே 1823-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் 50,000 பவுன் ஒதுக்கி, மலைநாட்டிலும் தீவுகளிலும் புதிய தேவாலயங்கள் கட்ட ஏற்பாடு செய்தது. வேலையை மேற்பார்க்கும் பொறுப்பு தாமஸ் டெல்ஃபோர்டு என்ற பெயர்பெற்ற எஞ்சினியரிடம் வந்தது. மலைநாட்டில் சாலைகளும் பாலங்களும் கலிடோனியக் கால்வாயும் அமைத்தவர் அவர். தேவாலயமும் போதகர் வீடும் சேர்ந்து ஓரிடத்துக்கு 1,500 பவுனுக்கு மேல் போகக் கூடாது என்பது நிபந்தனை. ஆகவே ஏறக்குறைய ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு 32 தேவாலயங்களைக் கட்டினார்கள். பகட்டு ஒன்றும் கிடையாது. கல் சுவர், சிறு மணிக் கூண்டு, சாய்சதுரச் சில்லுகள் பதித்த சன்னல். குரோயிக் கோயில் 1827-இல் கட்டி முடிந்தது. போதகருக்கு ஆண்டுக்கு 120 பவுன் அரசாங்கச் சம்பளம்.

மக்களுக்காகத்தான் கோயில் கட்டினார்கள். ஆனால் அதே காலத்தில் அந்த மக்களுக்கு அங்கே இடம் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

காரணம் ஆடு. தெற்கேயிருந்து செவியட் என்ற சாதிச் செம்மறி ஆடுகளைக் கொண்டுவந்தார்கள். ஆட்டு ரோமத்துக்கு ஆலைகளில் நல்ல கிராக்கி. ஒரு பள்ளத்தாக்கில் ஐம்பது குடும்பங்களை வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாய்க் குத்தகை வாங்குவதைவிட, மொத்தத்தையும் ஒரே ஆட்டுப் பண்ணைக்காரருக்கு விட்டால் நிலக்கிழாருக்கு வருமானம் அதிகம். குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாய் அங்கே உருளைக்கிழங்கும் ஓட்ஸ் தானியமும் பயிரிட்டு, நாலைந்து மாடு வைத்துப் பிழைத்தவர்கள். பாட்டன் பூட்டன் இருந்த மண் என்றாலும் அவர்களிடம் பட்டா கிடையாது. குத்தகைத் தவணை முடிந்ததும் வெளியேறு என்று சொன்னால் வெளியேற வேண்டியதுதான். 1792-இலேயே ராஸ் மாவட்டத்து மக்கள் ஒன்றுகூடி, ஆடுகளை மொத்தமாகத் தெற்கே ஓட்டிவிடப் பார்த்தார்கள். பட்டாளம் வந்து அதை அடக்கியது. மலைநாட்டார் அந்த ஆண்டை ‘ஆடுகளின் ஆண்டு’ என்று பேர் வைத்து நினைவு வைத்திருந்தார்கள். அதன் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காகக் காலி செய்தார்கள்.

இதற்கு இடையில் தேவாலயத்துக்குள்ளேயே ஒரு பெரிய பிளவு ஏற்பட்டது. போதகரை யார் நியமிப்பது என்பதுதான் வழக்கு. 1712-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அந்த உரிமை நிலக்கிழாருக்கு, சில இடங்களில் அரசருக்கு. சபையார் வேண்டாம் என்று சொன்ன போதகரைக்கூட நீதிமன்றத்துக்குப் போய் அவர்கள் தலையில் கட்ட முடிந்தது. எங்களுக்கு ஆறுதல் சொல்ல வருகிறவரை நாங்கள் தேர்ந்தெடுக்கக் கூடாதா என்று மக்கள் கேட்டார்கள். 1843 மே 18-ஆம் நாள் எடின்பரோ நகரில் திருச்சபையின் பொதுப் பேரவை கூடியது. அங்கிருந்து போதகர்கள் கூட்டமாக எழுந்து, தெருவழியே நடந்து, வேறொரு மண்டபத்துக்குப் போய்ச் சுதந்திரத் திருச்சபை என்று புதிய சபையைத் தொடங்கினார்கள். ஏறக்குறைய 1,200 போதகர்களில் 474 பேர் பழைய சபையை விட்டார்கள். வீடு போயிற்று, சம்பளம் போயிற்று, தேவாலயமும் போயிற்று. பிள்ளைகுட்டிக்காரர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! அந்தப் பிளவு கடல் கடந்து சென்னை வரைக்கும் வந்தது. அங்கே பள்ளி நடத்திக்கொண்டிருந்த ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துப் போதகரும் சுதந்திரத் திருச்சபையில் சேர்ந்துகொண்டார். அந்தப் பள்ளியே பின்னாளில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது.

குரோயிக்கில் அப்போது போதகராக இருந்தவர் குஸ்டாவஸ் ஏர்ட் என்ற இளைஞர். 1841-இல்தான் வந்து சேர்ந்தார். இரண்டே ஆண்டில் அவரும் அந்த 120 பவுனை உதறிவிட்டு வெளியே வந்தார். மக்களில் மிகப் பெரும்பாலோர் அவர் பின்னால் போனார்கள். மலைநாடு முழுவதும் இதே கதைதான். புதிய சபைக்குக் கோயில் இல்லை. கட்டுவதற்கு இடம் கேட்டால், நிலம் வைத்திருந்தவர்களோ பழைய சபையின் பக்கம். பல நிலக்கிழார்கள் ஒரு சாண் நிலம்கூடத் தர மறுத்தார்கள். மேற்குக் கரையில் ஸ்ட்ரான்டியன் என்ற ஊரில் மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நிலத்தில்தானே கட்டக் கூடாது என்று சொல்லி, 1846-இல் இரும்பால் ஒரு மிதக்கும் கோயிலைச் செய்து சூனர்ட் என்ற கடற்கழியில் நங்கூரம் போட்டு நிறுத்தினார்கள்! படகில் ஏறிப் போய் வழிபட்டார்கள். நூறு பேர் ஏறினால் ஓர் அங்குலம் தாழுமாம். எந்தப் போதகருக்குக் கூட்டம் அதிகம் என்று கரையில் நின்றே அளந்து சொல்லலாம் என்று வேடிக்கையாகப் பேசிக்கொள்வார்களாம். குரோயிக் மக்களுக்கு அந்த வசதி ஏது? கடல் தொலைவில். அவர்கள் மலைச்சரிவில், திறந்த வெளியில், மழையிலும் காற்றிலும் கேலிக் மொழியில் வழிபட்டார்கள். பாராளுமன்றம் கட்டிக் கொடுத்த கோயிலின் உள்ளே ஞாயிற்றுக்கிழமை உட்காரச் சிலரே இருந்தார்கள்.

இப்போது கிளென்கால்விக்கு வருவோம். குரோயிக்குக்கு அருகில் ஸ்ட்ராத்காரனிலிருந்து பிரிந்து தெற்கே போகும் சிறு பள்ளத்தாக்கு அது. கிண்டீஸ் ராபர்ட்சன் குடும்பத்துக்குச் சொந்தம். பதினெட்டுக் குடும்பங்கள், ஏறக்குறைய 90 பேர். குத்தகைப் பாக்கி வைக்காதவர்கள் என்று அக்காலப் பத்திரிகைச் செய்தி சொல்கிறது. நிலக்கிழாருக்காகக் காரியம் பார்த்தவர் ஜில்லாண்டர்ஸ் என்ற நிர்வாகி. சில ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை வெளியேற்ற உத்தரவு கொண்டுவந்தபோது, பெண்கள் முன்னால் வந்து வழிமறித்து, அந்தத் தாள்களைத் தீயிட்டுக் கொளுத்திவிட்டார்கள். ஆண்களைவிடப் பெண்கள் முன் நின்றதை மலைநாட்டு வரலாற்றில் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். ஆனால் தாளை எரித்தால் சட்டம் எரிந்துவிடுமா? நிர்வாகி மறுபடி நீதிமன்றம் போனார். 1845 மே மாதத் தவணையோடு எல்லாரும் வெளியேற வேண்டும் என்று ஆகிவிட்டது.

இந்த முறை மக்கள் கைகலப்புக்குப் போகவில்லை. ஏர்ட் முதலிய போதகர்கள் விஷயத்தைப் பத்திரிகைகளுக்குத் தெரிவித்து உதவி கேட்டார்கள். இலண்டனின் டைம்ஸ் பத்திரிகை தன் நிருபரை அத்தனை தூரம் அனுப்பி வைத்தது. அவர் எழுதி அனுப்பியதால்தான் இன்று நாம் இவ்வளவு விவரம் பேச முடிகிறது. அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு வெளியேறிய மக்கள் எங்கே போனார்கள்? குரோயிக் கோயிலுக்கு வந்தார்கள். ஆனால் கோயிலின் உள்ளே அல்ல. வெளியே, கல்லறைகளுக்கு நடுவே, கம்பு நட்டு, அதன்மேல் தார்த்துணியும் குதிரைப் போர்வையும் விரித்து, பக்கங்களில் கம்பளிகளைக் கட்டித் தொங்கவிட்டு ஒரு நீளமான கொட்டகை போட்டார்கள். அங்கே ஏறக்குறைய 80 பேர். அவர்களில் 23 பேர் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். அறுபது தாண்டிய கிழவர்கள், நோயாளிகள் எல்லாரும் அதற்குள்தான். நெருப்பு மூட்டி, கைக்குழந்தைகளின் தொட்டிலை அதன் அருகே வைத்து, தாய்மார் காற்றுக்கு மறைப்பாகச் சுற்றி உட்கார்ந்திருந்தார்களாம். பிள்ளை பெற்ற யாருக்கும் அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

கட்டடம் பக்கத்தில் இருக்க, ஏன் உள்ளே போகவில்லை? அவர்கள் இரண்டு ஆண்டுக்கு முன் அந்தச் சபையை விட்டு வெளியேறியவர்கள். அதோடு, கடவுளை வணங்கும் இடத்தில் சட்டி பானையோடு குடியிருப்பது தகாது என்று எண்ணியும் இருக்கலாம். கூரை இருந்தும் குளிரில் கிடந்தார்கள் என்பது மட்டும் உண்மை.

அங்கிருந்த நாட்களில்தான் யாரோ சிலர் கோயிலின் கிழக்குச் சன்னலுக்கு வந்து, வெளிப்புறமாக நின்று, அந்தச் சின்னச் சின்னச் சாய்சதுரக் கண்ணாடிகளில் எழுத்துகளைக் கீறினார்கள். கிளென்கால்வி மக்கள் 1845 மே 24-ஆம் நாள் இந்தக் கோயில் வளாகத்தில் இருந்தார்கள் என்று ஒன்று சொல்கிறது. ஒரு மேய்ப்பனின் பெயர் இருக்கிறது. இன்னொரு கண்ணாடியில், கிளென்கால்வி மக்கள் பொல்லாத தலைமுறை என்று எழுதியிருக்கிறது.

எங்களை நெடுநேரம் சிந்திக்க வைத்தவை இரண்டு. முதலாவது, அந்த எழுத்துகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளன. வீட்டில் பேசியது கேலிக், கடவுளைப் பாடியது கேலிக். ஆனால் எழுத வேண்டும் என்று வந்தபோது கை ஆங்கிலத்தில் போயிற்று. எழுதக் கற்றுக் கொடுத்த பள்ளி அந்த மொழியில் கற்றுக் கொடுத்தது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். வெளியிலிருந்து வருகிறவர் படிக்க வேண்டும் என்று வேண்டுமென்றே எழுதியிருக்கவும் கூடும். எப்படியானாலும், தாய்மொழியில் துக்கப்பட்டு வேறு மொழியில் அதை எழுதி வைத்தவர்கள் அவர்கள். தமிழ்ப் பள்ளி ஆசிரியர்கள் இதைப் படித்துவிட்டுச் சும்மா புத்தகத்தை மூடிவிட முடியுமா?

இரண்டாவது, பொல்லாத தலைமுறை என்ற அந்தச் சொல். யாரைச் சொல்கிறார்கள்? தங்களையே சொல்லிக்கொள்கிறார்கள் என்று பலர் கருதுகிறார்கள். நமக்கு இந்தக் கதி வந்தது நம் பாவத்தால்தான், கடவுள் தண்டித்திருக்கிறார் என்று அவர்கள் நம்பினார்களாம். வெளியேற்றத்தைக் கடவுளின் சித்தம் என்று மேடையிலிருந்து சொன்ன போதகர்களும் மலைநாட்டில் இருந்தார்கள். வேறு சிலர், இல்லை, அது கசப்போடு எழுதிய கிண்டல், ஊரார் எங்களைப் பற்றிச் சொல்வதைத்தான் எழுதினோம் என்ற பொருள் என்கிறார்கள். எங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறோம். அந்த மக்கள் ஒரு குற்றமும் செய்யவில்லை. குத்தகை கட்டினார்கள், கட்டளைக்குப் பணிந்தார்கள், அந்தப் பட்டாளங்களுக்குப் பிள்ளைகளையும் அனுப்பினார்கள். ஆட்டு ரோமத்தின் விலையும் பட்டா இல்லாத நிலமும் செய்த வேலை அது. ஆனாலும் அவர்களில் ஒருவர் தங்கள் மேலேயே பழியைப் போட்டுக் கண்ணாடியில் எழுதினார் என்றால், அது எவ்வளவு கொடுமை! நம் வீடுகளிலும் பெரியவர்கள் எதற்கெடுத்தாலும் தலைவிதி என்று சொல்லிப் பெருமூச்சு விடுவதைக் கேட்டிருக்கிறோம். அந்தப் பெருமூச்சைக் கேட்டு வளர்ந்த எங்களுக்குக் குரோயிக் சன்னலைப் பற்றிப் படித்தபோது அந்நிய நாட்டுக் கதையாகத் தெரியவில்லை.

சில நாட்களில் கொட்டகை கலைந்தது. ஒரு சிலருக்கே வேறிடத்தில் ஒரு துண்டு நிலம் கிடைத்தது. மற்றவர்கள் போன திசை தெரியவில்லை. கிளென்கால்வி ஆட்டுப் பண்ணையாயிற்று. ஒன்பது ஆண்டு கழித்து, 1854-இல், அதே ஸ்ட்ராத்காரனில் கிரீன்யார்ட்ஸ் என்ற இடத்தைக் காலி செய்ய வந்தபோது, வழிமறித்த பெண்களைப் போலீஸார் தடியால் அடித்துக் காயப்படுத்தினார்கள். இரத்தம் சிந்தியதும் நாடெங்கும் பேச்சாயிற்று. என்றாலும் சட்டம் மாற மேலும் முப்பது ஆண்டு பிடித்தது. 1883-இல் நேப்பியர் பிரபு தலைமையில் ஒரு விசாரணைக் குழு மலைநாட்டு ஊர்களுக்கே போய்க் குடியானவர்களை உட்கார வைத்து அவர்கள் வாயாலேயே குறைகளைக் கேட்டது. 1886-இல் வந்த சட்டம், ஒழுங்காகக் குத்தகை கட்டும் சிறு குடியானவனை இனி நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்று ஆக்கியது. கிளென்கால்விக்காரர்களுக்கு அது 41 ஆண்டு தாமதம்.

தேவாலயப் பிளவும் ஒருவாறு ஆறியது. நிலக்கிழார் போதகரை நியமிக்கும் உரிமையை 1874-இல் சட்டம் நீக்கியது. பிரிந்து போனவர்களில் பெரும்பாலோர் 1929-இல் பழைய திருச்சபையோடு மீண்டும் இணைந்தார்கள். ஏர்ட் அருகிலிருந்த கிரீச் என்ற ஊரில் நெடுங்காலம் சுதந்திரத் திருச்சபைப் போதகராக இருந்து, 1888-இல் அந்தச் சபையின் பொதுப் பேரவைக்கே தலைவரானார்.

குரோயிக் கோயில் மட்டும் இன்றும் நிற்கிறது. கட்டி முடித்துப் பதினெட்டே ஆண்டில் கிளென்கால்விக் குடிகளை இழந்த கோயில் அது. பக்கத்தில் ஊர் என்று சொல்ல ஒன்றும் இல்லை. மலை, ஆறு, புல், அங்கொன்றும் இங்கொன்றுமாய் வீடு. மலைநாட்டாரின் வழிவந்தவர்கள் உட்படப் பலர் தூர தேசங்களிலிருந்தும் அந்தச் சன்னலைப் பார்க்க வருகிறார்கள். வெளியே நின்று கீறியதால், கோயிலின் உள்ளே இருந்து பார்த்தால் எழுத்துகள் இடம் வலம் மாறித் தெரியும். ஆகவே வந்தவர்கள் மறுபடி வெளியே போய், கொட்டகை போட்டிருந்த அந்த வளாகத்துப் புல்லில் நின்றுதான் படிக்கிறார்கள்.